ரேனாவுக்குப் புறப்படும் முன் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வருகிற சனிக்கிழமை நான் முதன்முறையாக நோர்வேயின் பிர்க்கபைனர் ஸ்கி (பனிச்சறுக்கு) ஓட்டத்தில் கலந்துகொள்கிறேன். ரேனாவிலிருந்து மலைகளைத் தாண்டி லில்லஹாமர் வரை 54 கிலோமீற்றர். முதுகில் மூன்றரைக் கிலோப் பை. முடித்துவிட்டு எழுதன் என்றார் என் கணவர். முடித்தாலும் முடிக்காவிட்டாலும் நான் பட்ட கடன் இதேதான். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு. மகள் இதை அவருக்கு நோர்வேஜிய மொழியில் சொல்லுவாள். முப்பது வயதில் ஒஸ்லோவுக்கு வந்துதான் நான் பனியைக் கண்டேன். லில்லோமார்க்காக் காட்டின் வெளிச்சத் தடத்தில் ஏற்றம் ஏற முடியாமல் நின்ற ஒரு மாலையில், ஸ்கிகளின் முன்நுனியை விரித்து, உள்விளிம்பைப் பனியில் ஊன்றி ஏறக் காட்டினார். பனியில் விழும் அந்த வடிவத்துக்கு இங்கே பெயர் 'மீன்முள்'. கடற்கரையில் வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதுமே கால் பிடிபட்டுவிட்டது.

ஸ்கியின் அடியில் வாக்ஸ் (மெழுகு) பூசப் பழக்கியதும் அவர்தான். கால் நிற்கும் நடுப்பகுதிக்கு மட்டும், மெல்லிசாகப் பூசி, தக்கையால் தேய்த்து, அதன்மேல் இன்னொரு பூச்சு. கடுங்குளிருக்கு நீலம், பூச்சியத்தை ஒட்டி நின்றால் சிவப்பு, உருகித் திரும்ப இறுகிய பனிக்கு கிளிஸ்டர் பசை. குறைத்துப் பூசினால் ஏற்றத்தில் கால் பின்னே போகும், தடிப்பாகப் பூசினால் பனி அடியில் ஒட்டிக்கொள்ளும். எத்தனை மாலைகள் தன் கீழறையில் பொறுமையாக நின்றார்!

பையின் கதையையும் அவரிடம்தான் கேட்டேன். 1206இல், உள்நாட்டுப் போரின் நடுவே, இரண்டு வயதும் நிரம்பாத இளவரசன் ஹோக்கோனை இரண்டு வீரர்கள் ஸ்கியில் மலை தாண்டிக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். அந்தப் பிள்ளையின் நினைவாகத்தான் மூன்றரைக் கிலோ. கேட்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 1995 ஒக்ரோபர் கடைசியில், யாழ்ப்பாணமே வெளியேறிய அந்த மழையிரவில், அம்மா மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நாவற்குழிப் பக்கம் நடந்தார். அவரின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நான். அம்மா, அந்த நடைக்கு உங்களுக்கு இதுவரை ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

பயிற்சிப் பைக்குள் சிவப்பரிசிப் பொதிகளை அடுக்கி, சமையலறைத் தராசில் நிறுத்துத் தந்த மகளே, உனக்கும். கோடையில் சில்லு ஸ்கியோடு தெருவில் துணைக்கு வந்த தோழிகளுக்கும், வார இறுதி வேலைமுறைகளை மாற்றித் தந்த முதியோர் இல்லத்துச் சக ஊழியர்களுக்கும், முதல் குளிர்காலம் முழுக்க ஸ்கி இரவல் தந்த உபகரண நிலையத்தாருக்கும்.

இன்னும் ஒருவர். இரவில் தடம் போடும் வண்டியை ஓட்டுபவர். விடியமுதல் நான் போகும்போது, புதுப்பனியில் இரண்டு கோடுகள் நேராகக் காத்துக் கிடக்கும். உங்கள் முகத்தைக் கண்டதில்லை. காட்டுக்குள் வண்டியின் விளக்கை மட்டும் இரண்டு தரம் கண்டிருக்கிறேன்.

அம்மா, குளிர் உடுப்பு எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். சனி பின்னேரம் லில்லஹாமரில் இருந்து அழைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் எல்லோரின் தோழி