இரண்டு எஸ்.ஐ.க்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவல் பணியிலிருந்து அரசியலுக்கு வந்தவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை ஐ.பி.எஸ். அதிகாரிகளோடு நின்றுவிட்டது. தேசிய அரசியலில் மிக உயரம் சென்ற இருவரோ உதவி ஆய்வாளர் (எஸ்.ஐ.) பதவியிலிருந்து புறப்பட்டவர்கள். 2002 ஆகஸ்டில் நடந்த குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில் 454 வாக்குகள் பெற்று வென்ற பைரோன் சிங் செகாவத் ராஜஸ்தானிலும், 305 வாக்குகள் பெற்றுத் தோற்ற சுஷில்குமார் ஷிண்டே மகாராஷ்டிரத்திலும் ஒரு காலத்தில் எஸ்.ஐ.யாக இருந்தவர்கள். யார் ஜெயித்தாலும் நம் ஆள்தான் என்று, நான் பணியாற்றிய காவல் நிலையத்தில் நாங்கள் பேசிச் சிரித்தது நினைவிருக்கிறது.

செகாவத் 1952-லேயே சட்டமன்றத்துக்குப் போய்விட்டவர். நான் சொல்ல வந்தது ஷிண்டேயைப் பற்றி. சோலாப்பூர் நீதிமன்றத்தில் கடைநிலை ஊழியராகத் தொடங்கி, காக்கி உடுத்தி, 1971-இல் அதைக் களைந்து காங்கிரஸில் சேர்ந்து, முதல்வர், ஆளுநர், மத்திய மின்துறை அமைச்சர் எனப் படிப்படியாக ஏறியவர் அவர். 2012 ஜூலை 31 அன்று வட, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் மூன்றும் ஒருசேரச் சரிந்து பாதி நாடு இருளில் கிடந்த அதே நாளில், ப. சிதம்பரம் நிதித்துறைக்கு மாற, உள்துறை இவர் கைக்கு வந்தது. மின்துறையில் அன்று நடந்ததற்கு இது பரிசா என்று பலரும் கேட்டார்கள். எனக்கு அதைவிட, ஒரு முன்னாள் எஸ்.ஐ. அந்த நாற்காலியில் அமர்ந்ததே பெரிதாகப் பட்டது.

புகாரோடு வருபவரிடம் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்டு வழக்குப் பதியாமல், புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புவது எப்படி என்பது நிலைய எழுத்தராக இருந்த எனக்கு நன்றாகவே தெரியும், நானே எழுதியிருக்கிறேன். வழக்கு எண்ணிக்கை கூடினால் மேலிடத்தில் கேள்வி வரும் என்ற பயம்தான் காரணம். ஷிண்டேயின் காலத்தில், 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவி கூட்டு வன்கொடுமைக்கு ஆளான நிகழ்வுக்குப் பிறகு நீதிபதி வர்மா குழு 29 நாளில் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 166ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. பெண்களுக்கு எதிரான குறிப்பிட்ட குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை என்றது அது. உள்ளிருந்து ஒருவர் சென்றதால் வந்த மாற்றம் என்று இதைச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அது தெருவில் இறங்கிய மாணவர்கள் கொண்டுவந்தது.

காவல்துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் அவர் கை கட்டப்பட்டிருந்தது என்பர். டெல்லி காவல்துறை அவர் பொறுப்பில்தானே இருந்தது? நிலையப் பொறுப்பு அதிகாரிகளுக்கு இரண்டாண்டு நிலையான பணிக்காலம் வேண்டும் என 2006-இல் உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்கில் கூறியதை அங்கேனும் முழுமையாக நிறைவேற்றிக் காட்டியிருந்தால், மற்ற மாநிலங்களைத் தட்டிக் கேட்க அவருக்கு ஒரு வாய் இருந்திருக்கும்.

கட்டுரையாளர் அடுத்து எழுதும்போது, வேட்பாளரின் பழைய பதக்கங்களோடு, அவர் பணியாற்றிய இடத்தில் புகார்கள் எப்படிப் பதியப்பட்டன என்பதையும் விசாரித்து எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காவல் நிலைய எழுத்தர்,
திருச்சி.