இடுப்பு ஒடுங்காத தகடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முட்டிவலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தடவுகிறாயா, இல்லை வீட்டில் சொல்வதைக் கேட்காமல் இன்னும் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறாயா?

"இன்னும் ஆட்டோகேட்லயே கோடு இழுத்துட்டிருக்கியாடா"ன்னு போனில் கேட்டாயே, பாதி ஆமாம். இரண்டு மாதமாக ஃப்ரீகேடும் பழகுகிறேன். அதுவும் ஆட்டோகேட் மாதிரி கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் சாஃப்ட்வேர்தான். காசு கேட்காது என்றுதான் தொட்டேன், இப்போது விட மனசில்லை.

எல்லாம் ஒரு லிங்க் பிளேட்டால், அதாவது இரண்டு பாகத்தை இணைக்கும் தகட்டால் வந்தது. 40, 25 ரேடியஸில் இரண்டு வட்டம், மையத்துக்கு மையம் 90 மி.மீ. நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்க, மேலும் கீழும் 80 ரேடியஸில் வளைவு. பாலிடெக்னிக்கில் இதை எத்தனை ஷீட் போட்டிருப்போம்! வளைவு வட்டங்களை வெளியே நின்று தொடுவதால் 80ஓடு 40ஐக் கூட்டு, 120. 25ஐக் கூட்டு, 105. இரண்டு மையத்திலும் காம்பஸ் முள்ளைக் குத்தி அந்தந்த அளவில் வெட்டினால் வளைவின் மையம் கையில். வளைவு வட்டங்களை உள்ளே அடக்கித் தொட வேண்டுமென்றால் கழித்து 40, 55.

ஆபீஸில் புதுப் பையன் ஆட்டோகேடில் டேன்-டேன்-ரேடியஸ் போட்டான், இரண்டைத் தொட்டபடி சொன்ன ரேடியஸில் வட்டம் போடும் கட்டளை அது. இடுப்பு ஒடுங்க வேண்டிய தகடு தொப்பையோடு வந்து நின்றது! லேசர் கட்டிங்குக்கு அனுப்பும் முன் நல்லவேளை என் கண்ணில் பட்டது. "சாஃப்ட்வேர் தப்பு சார்" என்றான். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அந்த இரண்டு வட்டத்தையும் தொட்டபடி 80 ரேடியஸில் எட்டு வட்டம் போடலாம், மேலே நாலு, கீழே நாலு. எங்கே க்ளிக் செய்கிறோமோ அதற்குப் பக்கத்தில் தொடும் வட்டத்தைத்தான் அது எடுக்கும். இவன் வெளி ஓரத்தில் க்ளிக் செய்திருக்கிறான். நமக்கு இந்தக் குழப்பமே வந்ததில்லை. கூட்டலா கழித்தலா என்று முடிவு பண்ணாமல் காம்பஸையே விரிக்க முடியாதே!

ஃப்ரீகேடில் கதை வேறு. இரண்டு வட்டத்தைக் கோணல்மாணலாகக் கிறுக்கி வைத்தேன். முதல் மையம் ஆதிப்புள்ளியில், இரண்டாவது கிடை அச்சில், தூரம் 90, ரேடியஸ் 40, 25 என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஆட்டம் அடங்கிக் கோடுகள் பச்சையாக மாறின. பச்சை என்றால் இனி அசைய இடமில்லை என்று அர்த்தம். மூன்றாவது வட்டத்துக்கு ரேடியஸ் 80, இதைத் தொடு, அதைத் தொடு. அதுவும் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்ததும், பாஸ் மார்க் வாங்கின மாதிரி ஒரு சந்தோஷம், சிரிக்காதே. அதிலும் எட்டில் எது வரும் என்பது முதலில் எங்கே கிறுக்கினோம் என்பதைப் பொறுத்ததுதான். ஆனால் 90ஐ 100 ஆக்கினால் வளைவு தானே நகர்ந்து தொட்டுக்கொள்கிறது. நாம் தப்பான கோட்டைப் பிளேடால் சுரண்டி ஷீட்டில் ஓட்டை போட்டது நினைவிருக்கிறதா?

இப்படி நிபந்தனை சொல்லிச் சொல்லி வரைவதைப் புதுசு என்று நினைத்திருந்தேன். 1963லேயே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் என்பவர் தன் ஆய்வுக்கு ஸ்கெட்ச்பேட் என்று ஒன்று செய்திருக்கிறார். லைட் பேனாவால் திரையில் கோணலாக இழுத்துவிட்டு 'இணையாக்கு' என்றால் மெஷின் நேராக்கிக்கொடுக்குமாம். நாம் பிறக்கும் முன்பே!

பையனை இப்போது வாரம் ஒரு நாள் டிராயிங் ஷீட்டில் உட்கார வைக்கிறேன். முனகிக்கொண்டே போடுகிறான். என்னிடம் இருப்பது ஒரே காம்பஸ், அதுவும் கால் ஆடுகிறது. கடைசி செமஸ்டரில் நீ இரவல் வாங்கிப்போன என் பெரிய காம்பஸ் இருந்தால் பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. தொலைத்திருந்தால் அதையும் உண்மையாகச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் மச்சான்