வண்டி ரெடி, பானு

காட்பாடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள பானுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வண்டி ரெடியாகிவிட்டது. போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்கிறாய், உடனே லைனில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். எழுதி அனுப்பினால் ரூமில் உட்கார்ந்து நிதானமாகப் படிப்பாய். கடை பில் நோட்டில் கிழித்த தாள் இது.

அம்மா நன்றாக இருக்கிறாள். ஆயாவுக்கு முட்டி வலி அப்படியேதான். தெருவில் தோண்டிய பள்ளத்தில் மண்ணைத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒரு மழை பெய்தால் அமுங்கிவிடும். மற்ற செய்தி அப்புறம்.

வண்டியில் என்னென்ன வேலை செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் வலது பக்கம் லேசாக வளைந்திருந்தது. பெண்டு எடுத்து ஓட்டலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். உன் வண்டிக்கு அது வேண்டாம் என்று புதுசு போட்டேன். ஹேண்டில் திரும்புகிற இடத்தில் இருக்கிற கோன்செட்டும் புதுசு. வலது லீவர், வலது கண்ணாடி இரண்டும் புதுசு. ஹேண்டில் முனையில் இருக்கிற வெயிட் பாதிக்குப் பாதி தேய்ந்திருந்தது, அதையும் மாற்றினேன். சைலன்சர் கவரில் முன்னாலிருந்து பின்னால் போகிற கீறல் ஒரு சாண் நீளம் இருந்தது. தேய்த்துக் கருப்பு பெயின்ட் அடித்திருக்கிறேன். அப்புறம், பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற வலது ஃபுட்ரெஸ்ட். அதன் முனை மட்டும் மொட்டையாகத் தேய்ந்துபோயிருந்தது. மடக்கி வைத்திருந்தால் அந்த முனை தரையில் படவே படாது. அதையும் மாற்றிவிட்டேன்.

சாவியைக் கொடுக்கும்போது "ஸ்டாண்டில் நிற்கும்போது சாய்ஞ்சிடுச்சுப்பா, ஒரு பக்கமா இழுக்குது" என்றாய். சரி என்று வாங்கிக்கொண்டேன். ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காட்பாடி வரைக்கும் அந்த ஹேண்டிலோடு ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாயே, அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது. அந்த ரோட்டில் டைவர்ஷனுக்கும் குறைவில்லை, கொட்டிக் கிடக்கிற மண்ணுக்கும் குறைவில்லை. பக்கத்தில் டிரெய்லர் லாரி போனால் காற்றே வண்டியைத் தள்ளும். நேரான ஹேண்டில் வைத்திருக்கிறவனே தடுமாறுவான். இனிமேல் ஊருக்கு வருவதாக இருந்தால் பஸ்ஸில் வா. வண்டி வேலைக்குப் போய்வர மட்டும்தான்.

போன மாதம் ஒரு பையன் கடைக்கு வந்தான். தெருவில் நிறுத்தியிருந்தேன், மாடு தள்ளிவிட்டது என்றான். நின்ற இடத்தில் விழுந்த வண்டியில் நசுங்கல் இருக்கும், கீறல் நீளாது. ஓடுகிற வண்டி விழுந்தால்தான் தார் ரோடு அப்படிக் கோடு இழுக்கும். அதை அவனிடம் சொல்லவில்லை. அவனுக்கு அவன் அப்பா சாவியைப் பிடுங்கிவிடுவார் என்று பயம். தனியாகக் கூப்பிட்டு ஒன்று மட்டும் சொன்னேன்: "தம்பி, நீ மாடு என்று சொன்னால் நான் கண்ணாடியையும் லீவரையும் மாற்றி அனுப்பிவிடுவேன். ரோட்டில் விழுந்தேன் என்று சொன்னால்தான் ஃபோர்க்கைக் கழற்றிப் பார்ப்பேன். அறுபதில் போகும்போது ஹேண்டில் ஆட்டம் கொடுத்தால் என்ன செய்வாய்?" பையன் தலையைக் குனிந்துகொண்டான். விழுந்தவர்களை நான் திட்டியதே இல்லை, பானு. வண்டி என்று இருந்தால் விழாதவர் யார்?

நம் வீட்டிலேயே பார். அம்மா புடவை பின்சக்கரத்தில் சிக்கின வள்ளிமலைக் கதை உனக்குத் தெரியும், மறுபடி சொல்லவில்லை. அம்மா அந்தப் புடவையின் மிச்சத்தை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். பின்சக்கரத்தை ஒரு பக்கம் மூடும் தகடு கட்டாயம் என்று சட்டத்தில் இருக்கிறது. பையன்கள் வண்டி அழகாக இல்லை என்று முதல் வாரமே அதைக் கழற்றச் சொல்லி என்னிடம் கொண்டு வருகிறார்கள். நான் கழற்றித் தருவதில்லை. வேறு கடைக்குப் போகட்டும். நீ துப்பட்டாவைக் குறுக்கே கட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். பின்னால் யார் உட்கார்ந்தாலும் அவர்கள் துணியையும் பார்த்துக்கொள்.

குடியாத்தம் மாமா ராத்திரியில் வண்டி நின்றுபோனதும் டேங்க் மூடியைத் திறந்து தீக்குச்சி கொளுத்திப் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார். பெட்ரோலை விட அதன் ஆவிதான் முதலில் தீப்பிடிக்கும். டேங்க் முக்கால்வாசி காலியாக இருந்தால் உள்ளே முழுக்க ஆவிதான். புருவமும் முன்முடியும் கருகியதோடு தப்பித்தார். ஆம்பூர் சித்தப்பா பையன் ஏலகிரியில் செய்ததும் அதே மாதிரிதான். மேலே இருந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டான். அங்கே 14 கொண்டை ஊசி வளைவு. இன்ஜின் ஓடினால் வண்டியைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அணைத்துவிட்டால் முழு பாரமும் பிரேக்கில்தான். டிரம் சூடேறி, லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்கவில்லை. மலைப் பக்கம் இருந்த சுவரில் சாய்த்து நிறுத்தினான். பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் சித்தப்பா இன்று யாரிடம் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்?

இந்த இரண்டு பேருமே அன்று ராத்திரியே எனக்குப் போன் செய்தார்கள். மாமாவுக்கு வெட்கம்தான், இருந்தாலும் சொன்னார்.

நீயும் சொல்கிற பிள்ளைதான். யு.கே.ஜி. படிக்கும்போது நடந்தது நினைவிருக்கிறதா? கடை வாசலில் ஒருவர் ஸ்கூட்டரை ஸ்டார்ட்டில் வைத்து சைடு ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார். நீ முன்னால் ஏறி நின்று ஆக்சிலேட்டரை முறுக்கினாய். கியர் இல்லாத வண்டி, பின்சக்கரம் தரையில் இருக்கிறது, நிற்குமா? பாய்ந்துபோய் டீக்கடை பெஞ்சில் இடித்தது, பிஸ்கட் பாட்டில் எல்லாம் தெருவில். வண்டிக்காரர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நீ ஓடிவந்து என் கைலியைப் பிடித்துக்கொண்டு "நான்தான்பா முறுக்கினேன்" என்றாய். முழங்காலில் ரத்தம். அழவே இல்லை.

கோட்டை மைதானத்தில் நம் பழைய யமஹாவில் கியர் பழகினாய். லைசென்ஸ் எடுக்கப் போன அன்றைக்கு உனக்கு முன்னால் போன பையன்கள் எல்லாம் காலை ஊன்றினார்கள். நீ காலை ஊன்றாமல் எட்டு போட்டு வந்து நின்றாய். இன்ஸ்பெக்டர் யார் பெண் என்று கேட்டார். என் பெண் என்று சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. தெருவில் உள்ளவர்கள் பெண்பிள்ளைக்கு எதற்கு வண்டி என்றார்கள். அவர்களிடம் என் பெண் உங்கள் பையன்களை விட நிதானமாக ஓட்டுவாள் என்று சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

அப்படிப்பட்ட நீ இரண்டு நாள் இந்த வேலூர் வெயிலில் முழுக்கை சுடிதார் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்தாய். அம்மா போட்ட சாம்பார் சாதத்தை ஸ்பூனில் சாப்பிட்டாய். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நீ பஸ் ஏறின பிறகு "உன் பெண் ஏன் சரியாகவே சாப்பிடவில்லை" என்று என்னிடம் கேட்டாள். வேலை அலுப்பு என்று சொல்லி வைத்தேன்.

பொதுவாக ஒரு விஷயம் சொல்கிறேன், யாருக்காவது உதவும். ரோட்டில் உரசின காயத்தில் மண் நிற்கும். சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, டி.டி. ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டுவது, காய்ந்துவிட்டது என்று விடுவது கூடாது. தலையில் பட்டிருந்தால் மேலே காயம் இல்லை என்று இருந்துவிடக் கூடாது. நம் டீக்கடைக்காரர் தம்பி விருதம்பட்டில் விழுந்தார், எழுந்தார், டீ குடித்தார், வீட்டுக்குப் போய்விட்டார். தலைவலி விடவில்லை. வாந்தி எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஸ்கேனில் பார்த்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். தலைவலி, வாந்தி, பகலில் தூக்கக் கலக்கம், பேச்சு குழறுவது, இதில் ஒன்று இருந்தாலும் லீவு கிடைக்காது என்று பார்க்காமல் டாக்டரிடம் போக வேண்டும். செலவுக்கும் பயப்பட வேண்டாம். விபத்து என்றால் முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசே பார்க்கிற திட்டம் 2021 டிசம்பரில் வந்தது, பட்டியலில் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியிலும் உண்டு. 108-க்கு அடித்தால் போதும். அதற்கு மேலே ஆனால் நான் இருக்கிறேன்.

உன் ஹெல்மெட்டை வண்டியிலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தாய். கடையை மூடும்போது எடுத்துப் பார்த்தேன். வலது காதுக்கு மேலே வெளியில் ஒரு உரசல், கட்டை விரல் அகலம்தான். உள்ளே இருக்கிற துணியைப் பிரித்தேன். அதே இடத்தில் தெர்மாகோல் நசுங்கி, நடுவில் முடி போல ஒரு விரிசல். விரலை வைத்தால் பள்ளம் தெரிகிறது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், கணக்குப் பார்க்கிறேன் என்றேன்.

அந்த ஹெல்மெட்டைச் சுத்தியலால் உடைத்துவிட்டேன். கோபத்தில் இல்லை. முழுசாக இருந்தால் யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். அந்தத் தெர்மாகோல் ஒரு முறைதான் அமுங்கும். அடியை அது வாங்கிக்கொண்டு தலையைக் காப்பாற்றும், திரும்ப உப்பாது. மேலே பெயின்ட் நன்றாக இருக்கிறதே என்று அதையே போட்டுக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர். ஒரு முறை அடிபட்டால் ஹெல்மெட்டை மாற்ற வேண்டும். உன் தோழிகளுக்கும் சொல். கீழே கை தவறி விழுந்து பலமாகப் பட்டிருந்தாலும் மாற்ற வேண்டும்.

2015 ஜூலையில் ஹைகோர்ட் சொல்லி ஹெல்மெட் கட்டாயம் ஆனபோது வேலூரில் ரோட்டோரம் முழுக்கக் கடை போட்டார்கள். வெறும் பிளாஸ்டிக் சட்டி. போலீசுக்காக வாங்கினார்கள். 2021 ஜூனிலிருந்து ஐ.எஸ்.ஐ. இல்லாததை விற்கவே கூடாது. இருந்தும் விற்கிறார்கள். இப்போது போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம், பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து. அந்த ஆயிரத்துக்காக அல்ல நான் சொல்வது. கழுத்துப் பட்டையை மாட்டாமல் போடுகிறார்களே, அது விழுந்ததும் முதலில் பறந்துபோகும். ஒரு விரல் நுழைகிற அளவுக்கு இறுக்கி மாட்டு. நீ மாட்டியிருந்தாய் என்று தெரிகிறது. பட்டையில் இழுத்த தடம் இருந்தது. அதற்காக நான் எத்தனை சாமியைக் கும்பிட்டேன் என்று எழுத முடியாது.

பிரேக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தெரிந்ததுதான் என்று தள்ளாதே. மண்ணில், மழைத் தண்ணீரில், ரோட்டில் அடித்த வெள்ளைக் கோட்டின் மேல், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது வலது லீவரை மட்டும் இழுத்தால் முன்சக்கரம் வழுக்கிவிடும். உன் வண்டியில் இடது லீவரைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும், முதலில் அதைப் பிடி. நம் பக்கம் பொன்னை ரோட்டில் கொள்ளுச் செடியையும் கேழ்வரகுக் கதிரையும் ரோட்டில் பரப்பி வைப்பார்கள். அம்முண்டி ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டருக்குப் பின்னால் விளக்கே இருக்காது. இருட்டில் கரும்புத் தோகை மூஞ்சியில் படும்போதுதான் தெரியும். அதனால்தான் பஸ்ஸில் வா என்கிறேன். உங்கள் பக்கம் மழை வந்தால் தேங்கிய தண்ணீரில் ஓட்டாதே. சைலன்சர் மூழ்கி வண்டி நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்காதே. இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2021 நவம்பரில் பாலாறு பெருகியபோது அப்படி வந்த வண்டிகளைக் கடைக்குள் நிறுத்த இடமில்லை. தள்ளிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய். எந்த நேரமாக இருந்தாலும் செய். ராத்திரி ஒரு மணியாக இருந்தாலும் எடுப்பேன். யாரோடு இருந்தாய், எங்கே போனாய் என்று கேட்க மாட்டேன். அம்மா கேட்பாள், அவளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

வண்டியை அடுத்த ஞாயிறு பெரியப்பா மகன் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வருவான். காஞ்சிபுரத்தில் சரக்கு இறக்கிவிட்டு அப்படியே உன் ரூமுக்கு வந்து இறக்குவான். நீ எடுக்க வர வேண்டாம். அம்மா கொடுத்துவிடுகிற முள்ளுக் கத்திரிக்காயையும் ஊறுகாயையும் சீட்டுக்கு அடியில் வைக்க மாட்டேன், இன்ஜின் சூட்டில் கெட்டுவிடும், தனிப் பையில் வரும்.

கூடவே இரண்டு ஹெல்மெட் அனுப்புகிறேன். ஒன்று உனக்கு, பழையதன் அளவையே பார்த்து வாங்கிவிட்டேன். இரண்டாவதை இன்னும் வாங்கவில்லை, தலை அளவு தெரியாது. நெற்றியைச் சுற்றி டேப் வைத்துச் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர் என்று பார்த்து வாட்ஸ்அப்பில் நம்பரை மட்டும் அனுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு, சனிக்கிழமை கடைக்காரர் மதியமே மூடிவிடுவார்.

அன்புடன்,
அப்பா