வெட்டுப்படத்துக்குக் கீழே ஓர் அளவுக்கோடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை வந்தால் தமிழ்ப் பத்திரிகைகளின் சிறுவர் பக்கங்களில் பொம்மை வீடு செய்யும் குறிப்பும், கூடவே வெட்டியெடுக்க ஒரு படமும் வருவதுண்டு. நல்ல காரியம்; தொடர்ந்து வர வேண்டும். ஆனால் அளவு குறிக்காத வெட்டுப்படத்தால் பிள்ளையின் இரண்டு நாள் வேலை வீணாகிறது. பக்கத்தை அமைப்பவர் இடத்துக்கு ஏற்றபடி படத்தைச் சற்றுச் சுருக்குகிறார். இணையப் பதிப்பிலிருந்து எடுத்தால் வீட்டுப் பிரின்டர் தாளுக்குப் பொருந்தும்படி இன்னொரு தடவை சுருக்குகிறது. சுவரை ஒரு கிழமையும் மேசை கதிரையை மறு கிழமையும் வெட்டினால் கதிரை மேசைக்குக் கீழே போகாது.

இதற்கு ஒரு கோடு போதும். படத்தை வரையும்போதே அதற்குள் சரியாக 5 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு கோடு போட்டு, ‘இது 50 மி.மீ.’ என்று எழுதிவிடுங்கள். படம் சுருங்கினால் கோடும் சேர்ந்தே சுருங்கும். வாசகர் அடிமட்டத்தை வைத்துப் பார்க்கும்போது 46 மி.மீ. இருந்தால், 50ஐ 46ஆல் வகுத்து, போட்டோக்கொப்பிக் கடையில் 109 சதவீதம் பெருப்பிக்கச் சொல்வார். கோடு இல்லாவிட்டால் எவ்வளவு பெருப்பிப்பது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது விகிதம். பொம்மை வீட்டுக்காரர் உலகெங்கும் அதிகம் கையாள்வது 12இல் ஒன்று: ஓர் அடி ஓர் அங்குலமாகும். இலண்டனில் 1921 முதல் 1924 வரை கட்டடக்கலைஞர் எட்வின் லட்டியன்ஸ் வடிவமைத்த, இப்போது வின்சர் கோட்டையிலுள்ள மேரி அரசியின் பொம்மை வீடும் இந்த அளவுதான். அதில் மின்விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும். நமக்கும் இது வசதியான கணக்கு. நம் ஊர்த் தச்சர் இன்றும் அடி, அங்குலத்தில்தான் பேசுகிறார். 7 அடிக் கதவு 7 அங்குலம், 30 அங்குல மேசை இரண்டரை அங்குலம், 18 அங்குலக் கதிரை இருக்கை ஒன்றரை அங்குலம். மில்லிமீற்றரில் அளந்தால் 12ஆல் வகுத்தால் சரி. ஐந்தரை அடி ஆள் 14 சென்ரிமீற்றர் பொம்மை. இந்த வீட்டில் பதினொன்றரை அங்குலப் பார்பியை நிறுத்தினால் அவள் பதினொன்றரை அடி உயரப் பெண். கதவால் உள்ளே வர முடியாது. பார்பிக்கு வேண்டியது 6இல் ஒன்று. எந்தப் பொம்மைக்கு வீடு என்பதைக் குறிப்பின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். முன்பக்கம் கதவுபோலத் திறக்கும், புகைபோக்கி வைத்த மாடி வீட்டையே ஏன் திரும்பத் திரும்ப வரைய வேண்டும்? குளிர்நாட்டு வீடு மேல்நோக்கி அடுக்கப்படுவது. முன்சுவரைத் திறந்தால் எல்லா அறையும் தெரியும். நம்முடைய நாற்சார் வீடு நடுமுற்றத்தைச் சுற்றிப் பரந்து கிடப்பது. அதற்கு முன்சுவர் திறந்து பயனில்லை, கூரைதான் கழற்ற வர வேண்டும். நான்கு பக்கக் கூரையையும் தனித்தனித் துண்டாகச் செய்து, சுவரின் மேல்விளிம்பில் 3 மி.மீ. மூங்கில் குச்சியை முளையாக நட்டு அதில் பொருத்தலாம். சிக்கல் இடந்தான். 40 அடிக்கு 30 அடி வீடு 12இல் ஒன்றில் 102க்கு 76 சென்ரிமீற்றர். வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் சாப்பாட்டு மேசை முழுவதையும் அது பிடித்துக்கொள்ளும். எனவே முழு வீடு வேண்டுமென்றால் 24இல் ஒன்றுக்குப் போங்கள். 51க்கு 38இல் அடங்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு அதையும் சொல்லமாட்டோம். ஒரே ஓர் அறையை, அல்லது விறாந்தையின் ஒரு மூலையை மட்டும், முன்பக்கம் திறந்த பெட்டியாக 12இல் ஒன்றில் செய்வதே மேல். சிக்காகோ கலைக்கூடத்திலுள்ள 68 தோர்ன் சிற்றறைகளும் தனித்தனி அறைகள்தான். 12 அடிக்கு 10 அடி அறை, 9 அடி உயரம்: 12, 10, 9 அங்குலப் பெட்டி. புத்தக அலுமாரித் தட்டில் நிற்கும்.

விறாந்தைத் தூணுக்குப் பென்சிலை வைக்கச் சொல்லும் குறிப்புகள் உண்டு. பென்சில் 7 மி.மீ.; அதாவது 84 மி.மீ. தூண். கூரையைத் தாங்கும் தூணாகவே தெரியாது. 6 அங்குலத் தூணுக்கு 13 மி.மீ. உருளைக் கட்டை வேண்டும். யன்னல் கம்பிக்கு ஈர்க்கைவிட நல்ல பொருள் இல்லை. தென்னீர்க்கின் நடுப்பகுதி ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். அரை அங்குலக் கம்பிக்குச் சரியான அளவு. அடியும் நுனியும் தடிப்பில் வேறுபடுவதால் ஓர் ஈர்க்கிலிருந்து நடுவிலுள்ள பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றரை மட்டும் எடுக்கவும். பச்சை ஈர்க்கு கூடாது: காயும்போது வளையும், பூஞ்சணமும் பிடிக்கும். மேற்சட்டத்திலும் கீழ்ச்சட்டத்திலும் துளையை ஒரே தடவையில் போட வேண்டும். இரண்டு சட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுநாடாவால் கட்டிவைத்துத் துளைத்தால் கம்பிகள் நேராக நிற்கும். தனித்தனியே அளந்து துளைத்தால் ஆறு கம்பியில் குறைந்தது இரண்டு சரியும். சாய்மனைக் கதிரையின் பிரம்புப் பின்னலுக்கு, குறுக்குத் தையலுக்கு விற்கும் கட்டத் துணியில் அங்குலத்துக்கு 18 கட்டமுள்ளதை வாங்கி, நீர்த்த பசையில் நனைத்து, பொலித்தீன்மேல் விரித்துக் காயவிட்டு வெட்டுங்கள். நனைக்காமல் வெட்டினால் ஓரம் பிரிந்து போகும்.

சமையலறைதான் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம். அம்மி, உரல், திருவலை, சுளகு, நீத்துப்பெட்டி எல்லாவற்றையும் அடிமட்டத்தோடு போய் வீட்டிலேயே அளக்கலாம். 18 அங்குலச் சுளகு 38 மி.மீ. ஆகும். பனங்குருத்தோலையை இரும்பு அடிமட்டத்தோடு பிடித்துப் புது அலகால் ஒரு மில்லிமீற்றர் நாராகக் கிழித்து, கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டுப் பின்ன வேண்டும். முற்றிய ஓலையின் தடிப்பு இந்த அளவில் பலகைபோலத் தெரியும். தட்டில் சோறு வைக்க உண்மையான அரிசியைப் பசையில் ஒட்டுவது பெரும் பிழை. 6 மி.மீ. அரிசி அந்த வீட்டில் 72 மி.மீ. நீளம், ஒவ்வொரு பருக்கையும் விரலளவு! அரை மில்லிமீற்றர் ரவை அப்படியே சோற்றுப் பருக்கையாகத் தெரியும். பசையோடு குழைத்து, காய்ந்தபின் வார்னிஷ் பூசிவிட்டால் வண்டு வராது. உப்பையும் சீனியையும் எதற்கும் பாவிக்காதீர்கள். கொழும்புக் காற்றில் கசிந்துவிடும்.

அந்தக் காற்றையும் குறிப்பு எழுதுபவர் மனதில் வைக்க வேண்டும். மட்டைச் சுவரில் ஒரு பக்கம் மட்டும் தண்ணீர்ப் பூச்சு அடித்தால் நனைந்த பக்கம் விரியும், காயும்போது சுருங்கி மற்றப் பக்கத்தையும் இழுக்கும். சுவர் வளைந்துபோகும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் பூசினால் இழுப்பு சமமாகும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எப். பலகையில் வெட்டிய ஓரம்தான் பலவீனம். அங்கே ஈரம் ஏறினால் ஊதும், பிறகு பழைய நிலைக்கு வராது. ஓரத்துக்கு மட்டும் சாண்டிங் சீலர் இரண்டு பூச்சு போட்டு, 240 இலக்க சாண்ட் பேப்பரால் தேய்த்த பிறகு நிறம் அடியுங்கள். கோதுமை மாப் பசை கரப்பானையும் இராமபாணப் பூச்சியையும் அழைக்கும். பைண்டர் கம் போதும். சூட்டுப் பசைத் துப்பாக்கி விரைவாக ஒட்டும், ஆனால் ஒரு மில்லிமீற்றர் பசை அந்த வீட்டில் அரை அங்குல இடைவெளி. வெயில் படும் யன்னலோரத்தில் இளகவும் செய்யும். யன்னல் கண்ணாடிக்கு வைக்கும் தெளிந்த பிளாஸ்ரிக்கருகே சுப்பர் குளூவைக் கொண்டுபோக வேண்டாம். அதன் ஆவி பட்ட இடம் வெண்மையாகப் படியும்.

விளக்கு போடுவதென்றால் 230 வோல்ற்றைக் கிட்டவும் கொண்டுவரக் கூடாது. 5 வோல்ற் தொலைபேசிச் சார்ஜர் போதும். வெள்ளை எல்.இ.டி. ஏறக்குறைய 3 வோல்ற் எடுக்கும். மீதி 2 வோல்ற்றுக்கு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 220 ஓம் தடையி (ரெசிஸ்ரர்) வைத்தால் 9 மில்லியம்பியர் ஓடும். விளக்குக் கண்ணுக்கு அது தாராளம். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனித்தனித் தடையி. பலவற்றைச் சமாந்தரமாகக் கட்டி ஒரே தடையி வைத்தால் ஒன்று அதிக மின்னை இழுத்துப் பிரகாசமாக எரிந்து சீக்கிரம் போய்விடும், மற்றவை மங்கும். எரியாவிட்டால் முதலில் எல்.இ.டி.யின் இரண்டு கால்களையும் மாற்றி இணைத்துப் பாருங்கள். நீண்ட கால் நேர்முனை. பவர் பாங்கில் கட்டினால் சிறிது நேரத்தில் அணைந்துவிடக்கூடும். இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தை அது ‘ஒன்றும் இணைக்கவில்லை’ என்று எடுத்துக்கொள்வதே காரணம், வயரிங்கில் பிழையில்லை. வயர்களைச் சுவரில் 2 மி.மீ. தவாளிப்பு வெட்டி உள்ளே படுக்கவைத்து, எரியவிட்டுப் பார்த்து, அதன் பின்னரே சுவர்க்கடதாசி ஒட்ட வேண்டும்.

எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பதையும் குறிப்பில் எண்ணிட்டுத் தாருங்கள்: பசையில்லாமல் பொருத்திப் பார்த்தல், வயர், சுவர், தரை, அதன் பிறகே பெட்டியை ஒட்டுதல். ஒட்டிய பெட்டிக்குள் 10 அங்குல ஆழத்தில் சுவர்க்கடதாசியைச் சுருக்கமில்லாமல் ஒட்டுவது கடினம்.

அடுத்த விடுமுறைப் பக்கத்துக்கு விறாந்தை யன்னல் ஒன்றின் வெட்டுப்படத்தை, 50 மி.மீ. கோட்டோடு, வரைந்து அனுப்ப ஆயத்தமாக இருக்கிறோம். பிரசுரிப்பதானால் கோட்டை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

பொம்மை வீடு செய்வோர் சிலர்
கொழும்பு 06