மூக்கைவிட முக்கியமானது நெருப்புப் பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு மலரில் நீராவி இன்ஜின்கள் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். பயணிகள் விரைவு வண்டிகளை இழுத்த டபிள்யூ.பி. (WP) வகை நீராவி இன்ஜினின் முன்பக்கத்தில் குண்டு போல் குவிந்திருக்கும் புல்லட் மூக்கு காற்றைக் கிழித்து வேகத்தைக் கூட்டுவதற்காக வைக்கப்பட்டது என்று அதில் கூறப்பட்டிருப்பதைப் பற்றி மட்டும் சில விளக்கங்கள் தர விரும்புகிறேன்.

காற்றின் தடையைக் குறைப்பதே நோக்கமாக இருந்திருந்தால் மூக்கோடு நிறுத்தியிருக்க மாட்டார்கள். 1938இல் மணிக்கு 126 மைல் வேகத்தை எட்டிய பிரிட்டனின் மல்லார்டு இன்ஜினுக்குச் சக்கரங்களையும் மறைக்கும்படி தகட்டுப் போர்வை போடப்பட்டிருந்தது. டபிள்யூ.பி.யிலோ சிலிண்டர்களும் இணைப்புத் தண்டுகளும் 1,705 மில்லிமீட்டர் விட்டமுள்ள இயக்கச் சக்கரங்களும் வெளியே திறந்தே இருக்கின்றன. மணிக்கு நூறு கிலோமீட்டரை ஒட்டி ஓடிய வண்டிக்கு அந்த மூக்கால் பெரிய லாபம் எதுவும் கிடைத்திருக்க முடியாது. நடுவில் முகப்பு விளக்கும் அதைச் சுற்றி விரியும் வெள்ளி நிற நட்சத்திரமுமாக அது ஓர் அலங்காரம். நல்ல அலங்காரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. சக்கரங்களை மூடாமல் விட்டதுதான் அதைவிடப் புத்திசாலித்தனமான முடிவு. எண்ணெய் விடவும் பழுது பார்க்கவும் இடைஞ்சலாக இருந்ததால் மல்லார்டு வகையின் சக்கர மறைப்புகளைப் போர்க்காலத்தில் கழற்றிவிட்டார்கள், டபிள்யூ.பி.யில் கழற்றுவதற்கு அப்படி ஒன்று இருக்கவே இல்லை.

இந்த இன்ஜினின் உண்மையான சிறப்பைக் காண அதற்கு முந்தைய கதையைப் பார்க்க வேண்டும். 1920களில் இந்தியாவுக்கு வந்த எக்ஸ்.பி. (XB) வகை இன்ஜின்கள் வேகமெடுத்தால் பக்கவாட்டில் ஆடி, தண்டவாளத்தையே நெளியச் செய்யும் என்ற குறை இருந்தது. 1937 ஜூலையில் பாட்னாவுக்கு அருகே பிஹ்டாவில் எக்ஸ்.பி. இழுத்து வந்த விரைவு வண்டி தடம் புரண்டு நூறு பேருக்கு மேல் உயிரிழந்த பிறகு, பிரிட்டனின் இன்ஜின் வடிவமைப்பாளர் வில்லியம் ஸ்டேனியர் உள்ளிட்டோர் அடங்கிய குழு அந்த இன்ஜின்களை ஆராய்ந்தது. அந்தக் கசப்பான அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் புதிய டபிள்யூ.பி. வகை வரையப்பட்டது. அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனம் கட்டிய முதல் 16 இன்ஜின்கள் 1947இல் உருவாயின.

அவற்றின் உயிர்நாடி, நிலக்கரி எரியும் அறையான நெருப்புப் பெட்டி. சாம்பல் மிகுந்த நம் நாட்டு நிலக்கரியை அதன் அடியிலுள்ள எரிதட்டு குறுகியதாக இருக்கும்போது போட்டால் நீராவி போதாமல் வண்டி நடுவழியில் திணறும். எனவே ஏறத்தாழ 46 சதுர அடி பரப்புள்ள அகலமான எரிதட்டை அமைத்தார்கள். அது இயக்கச் சக்கரங்களுக்கு இடையே அடங்காது. ஆகவே அவற்றுக்குப் பின்னால் தள்ளி வைத்து, எடையைத் தாங்கக் கடைசியில் இரண்டு சிறு சக்கரங்களைச் சேர்த்தார்கள். முன்னால் நான்கு, நடுவில் ஆறு, பின்னால் இரண்டு என்ற சக்கர வரிசையில் அந்த இறுதி இரண்டுக்கும் இதுவே காரணம். அவ்வளவு பெரிய தட்டை மண்வெட்டியால் நிரப்பிய ஃபயர்மேன்களின் முதுகுவலியை எந்தப் புகைப்படமும் காட்டுவதில்லை என்பது வேறு விஷயம்.

அமெரிக்கா, கனடா, போலந்து, ஆஸ்திரியா என்று பல நாடுகளில் கட்டப்பட்டு, 1963 முதல் நம் சித்தரஞ்சன் தொழிற்சாலையிலும் உருவாகி, 1967இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் 755 இன்ஜின்கள் ஆகியிருந்தன. டீசலும் மின்சாரமும் முக்கிய விரைவு வண்டிகளை எடுத்துக்கொண்ட பின்னரும், இவை சாதாரணப் பயணிகள் வண்டிகளை இழுத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஓடின. 1965இல் சித்தரஞ்சனில் பிறந்த 7161ஆம் எண் இன்ஜின் 'அக்பர்' என்ற பெயரோடு ஹரியானாவின் ரேவாரி ஷெட்டில் பாதுகாக்கப்படுகிறது.

தங்கள் கட்டுரையுடன் வந்த நான்கு படங்களும் முன்பக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டவை. மீண்டும் இந்த இன்ஜினைப் பற்றி எழுத நேர்ந்தால், ஓட்டுநர் அறைக்குக் கீழே உள்ள அந்தச் சிறு சக்கரங்கள் தெரியும்படி பக்கவாட்டுப் படம் ஒன்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
பெரம்பூர், சென்னை.