எந்த லிஞ்ச் என்று கேட்டுச் சொல்

திருவாரூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன வாரம் போனில் நீ கட்டிக்கொள்ள நினைக்கிற அந்த அயர்லாந்துப் பையனின் குடும்பப் பெயரைச் சொன்னதும் நான் பேசாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதிலிருந்து நீ ஏதேதோ நினைத்து அழுதாய் என்று அவள் சொன்னாள். வெள்ளைக்காரன், வேறு மதம் என்பதெல்லாம் இல்லை கண்ணு. 'லிஞ்ச்' என்று காதில் விழுந்ததும் பேப்பரில் வருகிற வார்த்தைதான் ஞாபகம் வந்தது. கும்பல் கூடி ஒருவனை அடித்துக் கொன்றால் இங்கிலீஷ்காரன் அதைத்தானே சொல்கிறான். என் பெண்ணின் பெயருக்குப் பின்னால் அதுவா என்று வயிற்றைக் கலக்கிவிட்டது. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்குப் போனில் வாய் வராது, உனக்குத் தெரியும்.

31 வருஷம் ஆர்.எம்.எஸ். என்ற ரயில் தபால் வண்டியில் தபால் பிரித்தவன் நான். ஒரு பெயரைப் பார்த்தால் அது எந்த ஊர், எந்தத் தெரு என்று தேடாமல் இருக்க முடியுமா? இந்த ஒரு வாரமாக அதே வேலைதான். நூலகர் என்னைப் பார்த்தாலே கும்பிடுகிறார்.

முதலில் அந்தக் கெட்ட வார்த்தையைத் தீர்த்துவிடுகிறேன். அது அயர்லாந்தில் பிறந்ததல்ல, அமெரிக்காவில். வர்ஜீனியாவில் சார்லஸ் லிஞ்ச் என்று ஒருவர். அவருடைய அப்பா அயர்லாந்திலிருந்து கப்பலேறிப் போனவர். 1780 வாக்கில், அங்கே சுதந்திரப் போர் நடந்தபோது, இங்கிலாந்து ராஜா பக்கம் நின்றவர்களைப் பிடித்து, முறையான நீதிமன்றம் இல்லாமலே விசாரித்துத் தண்டித்தார். பெரும்பாலும் சவுக்கடி. 1782-இல் வர்ஜீனியா சட்டசபை அதற்கெல்லாம் வழக்குப் போடக் கூடாது என்று சட்டம் போட்டு அவரைக் காப்பாற்றியது. பக்கத்து மாவட்டத்து வில்லியம் லிஞ்ச்தான் இதற்குக் காரணம் என்று சொல்கிறவர்களும் உண்டு. 'லிஞ்ச்' என்ற அந்தப் பெயரே பின்னால் கறுப்பினத்தவரைத் தூக்கில் தொங்கவிடும் கொடூரத்துக்குப் பெயராகிப்போனது. சார்லஸின் தம்பி ஜான், ஜேம்ஸ் நதியில் படகுத்துறை நடத்தி, அங்கே ஓர் ஊரையே உண்டாக்கினார். லிஞ்ச்பர்க் என்று இன்றும் இருக்கிறது. ஒரே வீட்டில் ஒருவன் பெயர் ஊருக்குப் போயிற்று, மற்றவன் பெயர் கொலைக்குப் போயிற்று.

நீ இருக்கிற அயர்லாந்தின் கால்வே ஊரில் இதற்கு வேறு கதை சொல்வார்கள், நீயே கேட்டிருப்பாய். 1493-இல் மேயராக இருந்த ஜேம்ஸ் லிஞ்ச், விருந்தாளியாக வந்த ஸ்பானிய வாலிபனைக் கொன்ற தன் சொந்த மகனைத் தன் கையாலேயே தூக்கிலிட்டாராம். அதற்கு ஜன்னல் ஒன்றையும் காட்டுகிறார்கள். அந்தக் காலத்து ஆவணம் எதிலும் இது இல்லை, பிற்காலத்தில் கட்டிய கதை. ஆனாலும் படித்ததும் சிரித்துவிட்டேன். நம் ஊர்க் கோயிலில் கல்தேரைப் பார்த்து வளர்ந்தவள் நீ. கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனை விட்டுவிட்டு அத்தனை தூரம் போனால், அங்கேயும் ஒருவர் மகனைக் கொல்லக் காத்திருக்கிறார்.

சரி, நிஜமான விஷயத்துக்கு வருகிறேன். லிஞ்ச் என்பது ஒரு குடும்பம் இல்லை. ஒரே எழுத்தில் அடைபட்ட இரண்டு மூன்று குடும்பங்கள். கலந்துபோன தபால் பை மாதிரி.

ஒரு லிஞ்ச், நார்மன். இங்கிலாந்தை வென்று அப்படியே அயர்லாந்துக்கும் வந்த கூட்டத்தின் வழி. 13ஆம் நூற்றாண்டிலேயே கால்வேயில் இருக்கிறார்கள். மதில் கட்டிய துறைமுகம், ஸ்பெயினிலிருந்து ஒயின், இங்கிருந்து தோல், கம்பளி. ஊரை ஆண்ட 14 வியாபாரக் குடும்பங்களில் இவர்கள்தான் தலை. 1484-இல் மூன்றாம் ரிச்சர்ட் ராஜாவிடம் சாசனம் வாங்கித் தாங்களே மேயரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். அப்போதிருந்து 1654 வரை 84 முறை லிஞ்ச்தான் மேயர்! ஷாப் ஸ்ட்ரீட்டில் கல்லில் பூதமும் கேடயமும் செதுக்கிய பழைய கட்டடம், இப்போது பேங்க் நடக்கிறதே, அதுதான் லிஞ்ச் கோட்டை. நீ அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போவாய் என்று நினைக்கிறேன்.

இன்னொரு லிஞ்ச், மண்ணின் மக்கள். ஐரிஷ் மொழியில் ஓ லிங்ஷி. 'லாங்' என்றால் அங்கே கப்பல், அதிலிருந்து வந்த பெயர், கடலோடி என்று வைத்துக்கொள். வடக்கே ஆன்ட்ரிம் பக்கம் சிற்றரசர்களாக ஒரு கூட்டம், கார்க், கிளேர், ஸ்லைகோ என்று தனித்தனியாக வேறு கூட்டங்கள். ஒன்றுக்கொன்று ரத்த சம்பந்தம் இல்லை. பிற்காலத்தில் இங்கிலீஷ்கார குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியதில், 'ஓ' உதிர்ந்து எல்லாரும் லிஞ்ச் ஆனார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, 1518-இல் கால்வே நகர சபை போட்ட ஓர் உத்தரவு. 'ஓ'வும் 'மாக்'கும் நம் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரியக் கூடாது என்பது அதன் சாரம். அதாவது ஐரிஷ் பெயர் உள்ளவன் ஊருக்குள் வராதே என்று. ஊரை நடத்தியது யார், லிஞ்ச். வெளியே நிறுத்தப்பட்டவர்களில் யார் இருந்திருப்பார்கள், லிஞ்ச். இன்று இரண்டு பேரும் ஒரே எழுத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

'மாக்' என்றால் மகன். 'ஓ' என்றால் பேரன். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் என்பதால்தானே நாம் பெயரன், பேரன் என்கிறோம். அவர்களுக்குத் தாத்தா முன்னாலேயே நிற்கிறார். பெண் என்றால் 'ஓ' போட மாட்டார்கள், 'நீ' என்று போடுவார்கள். ஆமாம், நம் 'நீ' மாதிரியேதான் உச்சரிப்பும். அந்த வீட்டில் பிறந்த பெண் நீ லிங்ஷி. கட்டிக்கொண்டு போகிறவள் பன் ஈ லிங்ஷி, 'லிங்ஷியின் மனைவி'. இதெல்லாம் ஐரிஷில் எழுதினால்தான். நீ பயப்படாதே.

அப்புறம் எப்படி உலகமெல்லாம் போனார்கள்? இங்கிலாந்துத் தளபதி குரோம்வெல்லின் படை. 1652-இல் கால்வே சரணடைந்தது, இரண்டு வருஷத்தில் கத்தோலிக்கர்களை நகர சபையிலிருந்து துரத்தினார்கள். 14 குடும்பங்களையும் 'பழங்குடிகள்' என்று கேலி செய்ததும் அந்தப் படைதான். பின்னால் அவர்களே அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். 1691-இல் இன்னொரு தோல்வி. அத்தோடு ஜான் லிஞ்ச் என்பவர் பிரான்சில் போர்தோவுக்குப் போய் வியாபாரம் தொடங்கினார். மகனுக்குக் கல்யாணத்தின் வழியாக ஒரு திராட்சைத் தோட்டம் வந்தது. தோட்டம் கைமாறி 200 வருஷம் ஆகிறது, ஒயின் பாட்டிலில் இன்னும் லிஞ்ச்-பாஜ் என்றுதான் இருக்கிறது. பேரன் ஜான்-பாட்டிஸ்ட் நெப்போலியனின் தயவில் போர்தோ மேயர் ஆனார். 1814-இல் எதிரிப் படை வந்ததும் ஊரைத் திறந்துவிட்டுப் பழைய ராஜாவுக்கு ஜே போட்டார். மேயர் உத்தியோகம் ரத்தத்திலேயே இருக்கிறது போலும்!

பாட்ரிக் லிஞ்ச், 1715-இல் கால்வே பக்கம் பிறந்தவர், ஸ்பெயினில் பில்பாவோ வழியாக இன்றைய அர்ஜென்டினாவின் போனஸ் அயர்ஸ் போய்ச் சேர்ந்தார். அந்த வழியில் வந்தவர் எர்னஸ்டோ குவேரா லிஞ்ச். அவர் மகன் யார் தெரியுமா, சே குவேரா. இங்கே ஆட்டோ ஆட்டோவாக ஒட்டியிருக்கிற முகம்.

கார்க் பக்கத்திலிருந்து ஒரு பெண், எலிசா லிஞ்ச், 1833-இல் பிறந்தவள். பாரிசில் பராகுவே நாட்டு லோபஸைச் சந்தித்து அவரோடு போனாள். அவர் பின்னால் அதிபரானார், முறைப்படி மணந்துகொள்ளவில்லை. 1870-இல் போரில் அவரும் மூத்த மகனும் ஒரே நாளில் கொல்லப்பட்டபோது இரண்டு உடல்களையும் தன் கையால் மண்ணைத் தோண்டிப் புதைத்தாள். எல்லாரும் தூற்றிய அவளை அந்த நாடே பிறகு தலையில் வைத்துக்கொண்டது. தலைநகரில் மேடம் லிஞ்ச் என்று ஒரு பெரிய சாலை இருக்கிறது. அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "பாவம், மண்ணு தோண்ட ஆள் கூடவா இல்லை" என்று மட்டும் கேட்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு உன் பெயரை மாற்றுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீ அங்கே போன முதல் மாதம் ஆஸ்பத்திரியில் "நடராஜன், நடராஜன்" என்று கூப்பிட்டார்கள், அப்பாவைத் தேடுகிறார்கள் என்று நீ சும்மா உட்கார்ந்திருந்தாய். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் என் பெயரை நிரப்பியதால் வந்தது. அந்தக் கட்டம் நமக்கானதில்லை. அதில் என் பெயர் இருந்தாலும், லிஞ்ச் வந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன். மாற்றியே ஆக வேண்டும் என்று அங்கே சட்டமும் இல்லை. இஷ்டம் உன்னுடையது.

ஒரே ஒரு வேலை செய். அந்தப் பையனின் பாட்டி இருக்கிறார் என்றாயே, அவரிடம் கேள், அவர்கள் எந்த லிஞ்ச் என்று. குடும்பக் கல்லறை எந்த ஊரில் இருக்கிறது, கல்லில் ஐரிஷில் எழுதியிருந்தால் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதி அனுப்பு. ஓ லிங்ஷியா, இல்லை மதிலுக்குள் இருந்தவர்களா என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: 2017-இல் அயர்லாந்து அஞ்சல் துறை சே குவேராவுக்கு ஒரு யூரோ தபால்தலை வெளியிட்டது. சிவப்பு கறுப்புப் படம், ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற ஐரிஷ்காரர் வரைந்தது. பழைய தபால்தலைக் கடையில் கிடைத்தால் ஒன்று வாங்கி வை. கவரில் ஒட்டி அனுப்பாதே, இங்கே முத்திரை குத்திப் பாழாக்கிவிடுவார்கள். நான் குத்தாத முத்திரையா!