இரண்டாம் பருவம் முடிந்தது: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவுக்கும் அறிவியல் கண்காட்சிக்கும் பிள்ளைகள் உழைத்த உழைப்பை நீங்களே வந்து பார்த்தீர்கள். நூலகத்தில் புத்தகம் எடுப்பவர்களும் கூடியிருக்கிறார்கள். எல்லாருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், மதிப்பெண் அட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

இந்தப் பருவம் முதல் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் பர்சன்டைல், இசட் ஸ்கோர் என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்தோம். அட்டை கொடுத்த அன்று மாலை, ஒரு பிள்ளை அதை நாலாக மடித்துக் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தாள். "போன தடவை கணக்கில் 79, இப்போ 62ஆ?" என்று அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். பிரித்துப் பார்த்தேன். அவள் எடுத்தது 81. 62 என்பது பர்சன்டைல். போன தடவையைவிட இரண்டு மதிப்பெண் கூட எடுத்த பிள்ளை திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். அவரைக் குறை சொல்லவில்லை. விளக்கம் எதுவும் வைக்காமல் அட்டையைக் கொடுத்தது எங்கள் தவறு.

பர்சன்டைல் என்பது சதவீதம் அல்ல. 62 என்றால், தேர்வு எழுதியவர்களில் 100க்கு 62 பேர் உங்கள் பிள்ளை எடுத்த அளவோ அதற்குக் கீழோ எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். வரிசையில் எங்கே நிற்கிறாள் என்பதை மட்டும்தான் அது சொல்லும்.

இசட் ஸ்கோர், சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதைச் சொல்வது. மதிப்பெண்ணிலிருந்து சராசரியைக் கழித்து, வருவதைத் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவுதான் திட்ட விலக்கம். அந்தப் பிள்ளையின் தேர்வில் சராசரி 78, திட்ட விலக்கம் 10. எனவே அவள் இசட் ஸ்கோர் 0.3. மைனஸ் குறியைப் பார்த்து, மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டோமா என்று சிலர் கேட்டீர்கள். இல்லை, சராசரிக்குக் கீழே என்பதற்கான அடையாளம் அது. சராசரி 81, திட்ட விலக்கம் 6 உள்ள எளிய தேர்வில் 78 எடுத்தால் மைனஸ் 0.5. சராசரி 47, திட்ட விலக்கம் 12 உள்ள கடினமான தேர்வில் 65 எடுத்தால் 1.5. அந்த 65தான், சக மாணவர்களோடு ஒப்பிட்டால், பெரிய விஷயம். வீட்டில் பாராட்டு கிடைத்தது 78க்கு.

இன்னொன்று. மதிப்பெண்கள் பெரும்பாலும் மணி வடிவில், நடுவில் குவிந்து கிடக்கும். பர்சன்டைல் அப்படியல்ல, அது சீரான பரவல். ஒரு வகுப்பில் 120 பேர் என்றால், பர்சன்டைலில் 10 முதல் 20 வரை, 20 முதல் 30 வரை என்று ஒவ்வொரு பத்துப் படிக்குள்ளும் சுமார் 12 பேர் இருப்பார்கள். "எல்லாரையும் 90க்கு மேல் கொண்டுவாருங்கள்" என்று கேட்கிறீர்கள். எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும் அங்கே 12 பேருக்குத்தான் இடம். நடுவில் கூட்டம் அதிகம் என்பதால் அங்கே சின்ன மாற்றமும் பெரிதாகத் தெரியும். அதே தேர்வில் 81 எடுத்தவள் 83 எடுத்திருந்தால் பர்சன்டைல் 62இலிருந்து சுமார் 69 ஆகியிருக்கும். உச்சியில் 96 எடுத்தவர் 98 எடுத்தாலோ, பர்சன்டைலில் ஒரு படிக்குக் கொஞ்சம் மேல்தான் ஏறுவார்.

ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சில வாட்ஸ்அப் குழுக்களில் மற்ற பிள்ளைகளின் பர்சன்டைலைப் பட்டியலிட்டுப் பகிர்ந்திருக்கிறார்கள். இதை இந்தப் பள்ளி ஏற்காது. அந்தப் பட்டியல்களை இன்றே நீக்கிவிடுங்கள். இந்த எண்ணைக் காட்டி விளையாட்டை நிறுத்துவதும் வேண்டாம்.

உங்கள் கோபத்துக்குப் பின்னால் இருப்பது அக்கறைதான் என்று எனக்குத் தெரியும். புரியவில்லை என்று நேரில் வந்து கேட்ட பெற்றோருக்குத் தனியாக நன்றி. இந்தக் கடிதம் உங்களால்தான் எழுதப்பட்டது. வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கணக்கு ஆசிரியர்கள் நூலகத்தில் இருப்பார்கள். அட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்